வெஸ்டா இரும்பு என்று எழுதிக் கொடுத்தவர்

இந்தத் துறைக்குப் புதிதாய் வந்திருக்கும் நீங்கள் என்னை ஏதாவது பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கருவியை எப்படிப் பொருத்துவது, கண்ணாடியை எதனால் துடைப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தெரிந்த மாதிரி இருக்கவாவது கற்றிருப்பீர்கள். போன வாரம் உங்கள் கருத்தரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பேசியவர்களில் ஒருவர்கூட ‘இது எனக்குத் தெரியாது’ என்று சொல்லவில்லை. அத்தனை பேருக்கும் அத்தனையும் தெரிந்திருந்தது. அந்தப் பேச்சு எனக்குப் பழக்கமானது. ஏனென்றால், இப்படி எல்லாம் தெரிந்த ஒருவரிடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

அப்போது கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்டிரேட்டராக இருந்தேன். பெயர்தான் பெரிது. வேலை என்னவோ, மற்றவர்கள் பாடம் நடத்துவதற்கு மேசையைத் தயார் செய்து வைப்பது. துறைத் தலைவர் சீமைக்குப் போய் வந்தவர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். பேரன் பேத்திகள் நல்ல பிள்ளைகள், இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். சீமையில் அவர் என்ன படித்தார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அங்கே குளிர் எப்படி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாணவன் எழுந்து கேள்வி கேட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, ‘நான் லண்டனில் இருந்தபோது’ என்று ஆரம்பிப்பார். மணி அடிக்கும்வரை லண்டனிலேயே இருப்பார்.

கல்லூரி மாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்தது. தலைவர் அதில் சந்திரனைத் தவிர வேறொன்றைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அதுவும் பெரிய மனிதர்கள் வந்தால்தான். நான் அதில் சிறுகோள்களைப் பார்த்தேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றுகிற துண்டு துணுக்குகள் அவை. அவற்றில் பெரியவை சீரஸ், பல்லாஸ், வெஸ்டா போன்ற சில. தொலைநோக்கியில் நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். உருவம் கிடையாது, அழகு கிடையாது, விருந்தாளிக்குக் காட்ட லாயக்கில்லை. அதனால்தான் அந்த வேலையை என்னிடம் விட்டு வைத்திருந்தார்கள்.

அவற்றில் எனக்குப் பிடித்த ஒரு முரண் இருந்தது. எல்லாவற்றிலும் பெரியது சீரஸ். வெளிநாட்டில் பெரிய கருவிகளால் அளந்தவர்கள், வெஸ்டாவின் குறுக்களவு அதில் பாதிதான் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் எல்லாவற்றிலும் பளிச்சென்று இருப்பது வெஸ்டா. நல்ல வருஷமாக இருந்து, எங்கே தேடுவது என்றும் தெரிந்தால், வெறும் கண்ணுக்கே தெரியும். சீரஸ் அப்படித் தெரிவதில்லை. வெஸ்டா கொஞ்சம் கிட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கிட்டத்தைக் கணக்கில் கழித்துவிட்டாலும் வெளிச்சத்தில் மிச்சம் நிற்கிறது. அப்படியென்றால் வெஸ்டாவின் மேற்பரப்பு தன்மேல் விழுகிற வெயிலைத் தாராளமாகத் திருப்பி அனுப்புகிறது. சீரஸின் மேற்பரப்பு பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு இதை நான் எனக்கே உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த கேள்வி, அந்த மேற்பரப்பு எதனால் ஆனது என்பது. அதற்காக ஆய்வுக்கூடத்தில் கண்டதையெல்லாம் பொடித்தேன். மதுக்கரைச் சுண்ணாம்புக்கல், கருங்கல், துடியலூர்ச் செம்மண், உடுமலைப் பக்கத்துக் கரிசல், பட்டறை இரும்புத்தூள், உப்பு எல்லாவற்றின் மேலும் ஒரே விளக்கைக் காட்டி, எது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்புகிறது என்று பார்த்தேன். இரும்புத்தூள் மங்கல். சுண்ணாம்பும் உப்பும் ஒன்றையொன்று பிரித்தறிய முடியாதபடி வெள்ளை. ஒரு சிறு கட்டுரை எழுதினேன். முதல் பாதியில், வெஸ்டாவின் மேற்பரப்பு சீரஸைவிடப் பிரகாசமானது என்று எழுதினேன். இரண்டாம் பாதியில், வெறும் பிரகாசத்தை வைத்துக்கொண்டு அது என்ன பொருள் என்று சொல்ல முடியாது என்று எழுதினேன். தலைவர் முதல் பாதியைப் படித்தார். அதற்கு மேலே தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் பாதிவரை போவதற்கு அவருக்குப் பொழுதில்லை.

அந்த மழைக்காலத்தில் ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் ஒரு கல் கிடைத்தது. சாயங்காலம் பெரிய இடி இடித்ததாம். மறுநாள் காலையில் வாய்க்கால் ஓரம் கறுப்பாய், கனமாய், முழங்கால் உயரத்தில் ஒரு கல் கிடந்ததாம். பண்ணைக்குச் சொந்தக்காரர் ஒரு விதவை அம்மாள். புருஷன் போனபின் தென்னையும் நெல்லுமாய் அத்தனை நிலத்தையும் தானே கட்டி ஆண்டவர். ஊரார் பெரியம்மணி என்பார்கள். அவர் பொய்க்காரி அல்ல. தெய்வம் வானத்திலிருந்து இறங்கிவிட்டது என்று மெய்யாகவே நம்பினார். விழுந்த இடத்திலேயே கோயில் கட்ட வேண்டும் என்று தாசில்தாருக்கு மனுப் போட்டார். வாய்க்கால் ஓரத்து அந்த இடம் பண்ணைக்குச் சொந்தமல்ல, சர்க்கார் புறம்போக்கு. இது வானத்துக் கல்தான் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று தாசில்தார் கேட்டார். அம்மாள் எங்கள் கல்லூரிக்கு ஆள் அனுப்பினார். கூடவே, கல்லூரிக்குப் பெரிய தொலைநோக்கி ஒன்று வாங்கிக் கொடுக்கும் எண்ணம் இருப்பதாகவும் சொல்லி அனுப்பினார்.

தலைவர் போனார். கல்லைப் பார்த்தார். பலகாரம் சாப்பிட்டார். அத்தாட்சி எழுதிக் கொடுத்தார். அதன் சாரத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கல் கனமாக இருக்கிறது, ஆகவே இரும்பு. இரும்பு பளபளப்பது. சிறுகோள்களில் பளபளப்பானது வெஸ்டா என்று எங்கள் துறை அளந்து நிறுவியிருக்கிறது, ஆகவே வெஸ்டா இரும்பு. ஆகவே இந்தக் கல் வெஸ்டாவிலிருந்து உடைந்து விழுந்தது. ‘ஆகவே’ என்ற சொல்லுக்கு வாய் இருந்திருந்தால் அன்று அழுதிருக்கும்.

நான் அவர் அறைக்குப் போய், கல் கறுப்பு, வெஸ்டா வெளுப்பு, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்டேன். இரும்புத்தூள் மங்கலாகத் தெரிந்ததையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “ஆனைமலையில் வெஸ்டாவைப் பற்றி யாருக்கய்யா தெரியப்போகிறது?” என்றார். உங்களில் சிலர் கட்டுரை எழுதும் தோரணையைப் பார்க்கும்போது, அந்த வாக்கியத்தை உங்களுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தாசில்தார் விடுகிற ஆளாய் இல்லை. இடத்துக்கே வந்து விசாரிக்கிறேன், அளந்தவரும் வரட்டும் என்றுவிட்டார். அளந்தவன் நான். பொள்ளாச்சி ரயிலில் தலைவர் எனக்கு ஒரே பாடம் நடத்தினார். தாசில்தார் கேட்டால் ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டும், அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த வருஷம் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாகிறது என்பதையும், அந்த இடத்துக்கு யாரைச் சொல்வது என்பது தன் கையில் இருக்கிறது என்பதையும், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஸ்டேஷனில் பண்ணையின் வில்வண்டி காத்திருந்தது. தலைவர் நேராகப் பெரிய வீட்டுக்குப் போனார். நான் கல்லைப் பார்க்க வாய்க்கால் பக்கம் இறங்கினேன். அங்கே போன பிறகுதான், அதுவரை யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று தெரிந்தது. அந்தப் புறம்போக்கு வெறும் நிலம் அல்ல. வரிசையாகக் குடிசைகள் இருந்தன. பண்ணையில் தலைமுறையாய் நாற்று நட்டு அறுக்கிறவர்களின் குடிசைகள். கோயில் வருமென்றால் அவை போக வேண்டும். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை, அந்தக் கேள்வியே யாருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. அவர்களைக் கல்லுக்குக் கிட்டேகூட விடவில்லை. பந்தலில் அது மஞ்சளும் குங்குமமுமாய்ப் பட்டுத் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தது. அவர்கள் வயலைத் தாண்டி அந்தப்புறம் நின்றுகொண்டிருந்தார்கள்.

வரப்பு வழியாக ஒரு பெண் என்னை நோக்கி வந்து, எட்டியே நின்றாள். நடுத்தர வயது. பெயர் குப்பாயி என்று பிறகு தெரிந்தது. நான்தான் அளந்த வாத்தியாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தக் கல் மெய்யாகவே மேலிருந்து வந்ததா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். 

“தெரியலீன்னு எங்ககிட்டச் சொல்றது சுலுவுங்க சாமி,” என்றாள். “அங்க பந்தல்ல கேட்டாலும் அதையே சொல்லுவீங்களா?”

என்னைப் பல தேர்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதைப் போல ஒருவரும் கேட்டதில்லை. நான் பதில் சொல்வதற்குள் பந்தலிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

பந்தலில் தாசில்தார் நாற்காலியில் இருந்தார். பெரியம்மணி பக்கத்தில் வெற்றிலைப் பெட்டியோடு பாயில் இருந்தார். தலைவர் நின்றுகொண்டு பேசினார். பாதி ஆங்கிலத்தில் பேசினார்; மீதிப் பாதியும் புரியக் கூடாது என்று தமிழிலும் முயன்றார். முடிவில் என் பக்கம் கையைக் காட்டி, என் உதவியாளர் மாதக்கணக்கில் அளந்திருக்கிறார், அவரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். தாசில்தார் என்னைப் பார்த்து, வெஸ்டா இரும்பு என்பது உங்கள் அளவையின் முடிவுதானா என்று கேட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தைரியம் என்பது பயப்படாமல் இருப்பது என்று நினைக்கிற முட்டாள்கள் உங்களில் இருந்தால் அவர்களுக்காக. ‘ஆமாம்’ என்றால் விரிவுரையாளர் வேலை. அதைவிட மோசமான இன்னொரு வழியும் இருந்தது. ‘இருக்கலாம்’ என்று சொல்லித் தப்பிப்பது. படித்தவர்கள் எல்லாரும் கடைசியில் ஓடி ஒளியும் பொந்து அது. பந்தலில் இருக்கிறவர்களுக்கு அது ‘ஆமாம்’ என்றே காதில் விழும். எனக்கு மட்டும் நான் பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி கிடைக்கும்.

வெஸ்டா பிரகாசமானது என்பது மட்டும்தான் என் முடிவு, அது எதனால் ஆனது என்பது எனக்குத் தெரியாது, இன்றைய தேதியில் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றேன்.

தலைவர் சிரித்தார். சின்னப் பையன், சபையைக் கண்டு மிரண்டுவிட்டான் என்று தாசில்தாரிடம் சொன்னார். பெரியம்மணி சிரிக்கவில்லை. என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, தெரியாதுன்னு சொல்றதுக்குங்களா இத்தன படிச்சீங்க?”

அதற்கு வாயால் பதில் சொன்னால் எடுபடாது என்று எனக்குப் பட்டது. அம்மாளிடம் அனுமதி கேட்டேன். வெற்றிலைப் பெட்டியில் காய்ந்து கிடந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் வாங்கிப் பொடித்துக்கொண்டேன். பெரிய வீட்டுச் சமையற்கட்டிலிருந்து உப்பும் அரிசிமாவும் வந்தன. பண்ணைப் பட்டறையில் அரம் போட்ட இரும்புத்தூளை ஓர் ஆள் அள்ளி வந்தான். நான்கையும் நான்கு வாழையிலைத் துண்டுகளில் பரப்பி, நானே எடுத்துக்கொண்டு வயலைத் தாண்டிப் போனேன். குப்பாயியிடமும் அவள் பக்கத்தில் நின்ற மூவரிடமும் ஆளுக்கொன்று கொடுத்து, வெயில் படும்படி பந்தலைப் பார்க்கச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். தாங்கள் தொட்டதைப் பெரிய வீட்டுக்காரர்கள் பார்க்கலாமா என்று ஒரு கிழவர் தயங்கினார். பார்க்கத்தான் வேண்டும் என்றேன். பந்தலில் இருந்த அத்தனை பேரும், அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத அந்தப் பக்கத்தையே கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

திரும்பி வந்து, இதில் எது சுண்ணாம்பு, எது உப்பு, எது மாவு என்று தாசில்தாரைக் கேட்டேன். அவர் நியாயமான மனிதர். வெகுநேரம் பார்த்துவிட்டு, மூன்றும் வெள்ளையாய் இருக்கிறது, எது எதுவென்று தெரியவில்லை என்றார். நான் தலைவரைக் கேட்டேன்.

அங்கேதான் அந்த மனிதர் மாட்டிக்கொண்டார். தெரியவில்லை என்று அவரும் சொல்லியிருந்தால் மரியாதையோடு தப்பியிருப்பார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இது குழந்தைக்குக்கூடத் தெரியும், இடது ஓரம் சுண்ணாம்பு, அடுத்தது உப்பு, அதற்கடுத்தது மாவு என்று அடித்துச் சொன்னார். வலது ஓரத்து மங்கல் பொடி என்னவென்று கேட்டேன். வெறும் மண் என்றார். இலைகளைக் கொண்டுவரச் செய்தோம். மூன்று வெள்ளையில் ஒன்றுகூட அவர் சொன்னதாக இல்லை. மண் என்று அவர் சொன்னதை அம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தார். அது அம்மாளின் பண்ணைப் பட்டறை இரும்பு, பளபளப்பது என்று அத்தாட்சியில் எழுதியிருந்த அதே இரும்பு.

 தலைவர் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். லண்டனில் வெளிச்சம் வேறு மாதிரி இருக்கும் என்றும் சொன்னதாக நினைவு.

அப்படியானால் இந்தக் கல் வானத்திலிருந்து விழுந்ததா இல்லையா என்று தாசில்தார் கேட்டார். அதுவும் தெரியாது, உடைத்து உள்ளே பார்த்தால் ஏதாவது சொல்ல முடியலாம் என்றேன். உடனே தலைவருக்குப் பக்தி வந்துவிட்டது. தெய்வத்தை உடைப்பதா என்று பதறினார். ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்குப் பொட்டு வைத்ததற்காக என்னை அறையைவிட்டு வெளியே அனுப்பியவர் அவர்.

வயலுக்கு அந்தப்புறம் இலை பிடித்து நின்றவர்களைப் பார்த்தபடி முடிவைச் சொன்னது பெரியம்மணிதான்.

“பொட்டு வெச்சுக் கும்புட்டத நான் ஒடைக்க மாட்டனுங்க,” என்றார். “ஆனா தெரியாத ஒண்ணச் சொல்லி அவங்க குடியிருக்கற ஊட்டைப் பிரிச்சா அந்தச் சாமியே என்னைய ஏன்னு கேக்குமுங்க. கல்லை என்ற தோட்டத்துக்குத் தூக்கியாரச் சொல்லீர்றனுங்க. மனு வேண்டாங்க.”

தாசில்தார் அத்தாட்சியை மடித்துத் தலைவரிடமே திருப்பிக் கொடுத்தார். குடிசைகள் அங்கேயே இருந்தன. கல் அம்மாளின் தோட்டத்தில் சிறு மண்டபத்துக்குள் போனது. அது வானத்திலிருந்து வந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வண்டியேறப் போகும்போது குப்பாயி வரப்பில் நின்றாள். கும்பிடவில்லை, நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஒருதரம் அசைத்தாள். எனக்கு அதுவே அதிகம்.

வென்றதற்கு எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். மாடிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். விரிவுரையாளர் இடம், கேள்வியே கேட்காத ஒருவருக்குப் போனது. தலைவர் பிரின்சிபால் ஆனார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வானசாஸ்திர நூல் ஒன்று எழுதினார். அதில் வெஸ்டா இரும்புக் கோளாகவே இருந்தது. நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் பெற்றோர் அதைப் படித்துத்தான் தேறினார்கள்.

நான் ஓய்வு பெறும் காலத்தில், வெளிநாட்டில் வெஸ்டாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள், அதன் மேற்பரப்பு எரிமலைக் குழம்பு ஆறிய பாறையைப் போல இருக்கிறது என்றார்கள். அதைப் படித்துவிட்டு இளைஞர் ஒருவர் என்னிடம் ஓடிவந்து, ‘அன்றைக்கே நீங்கள் சொன்னது சரியாகிவிட்டது சார்’ என்றார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நான் அன்று எதையும் சரியாகச் சொல்லவில்லை. எரிமலைப் பாறை என்று சொல்லவில்லை. தெரியாது என்றேன். நாளைக்கே வெஸ்டா முழுக்க இரும்பு என்று தெரியவந்தாலும் அந்தப் பந்தலில் நான் சொன்னது ஒரு எழுத்தும் மாறாது. இந்த வித்தியாசம் புரியாதவர்களுக்கு நம் தொழிலைவிட ஜோசியம் நல்ல தொழில்.

ஆனைமலைக்கு நான் இன்னொரு தடவை போக நேர்ந்தது. அது பந்தலில் நடந்ததற்கு இரண்டொரு வருஷம் கழித்து, தலைவர் பிரின்சிபால் ஆன பிறகு. பெரியம்மணியின் கிணற்றுத் தண்ணீர் குடித்த மாடுகள் படுத்துக்கொண்டன. ஒன்றிரண்டு செத்தும் போயின. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பண்ணையின் காரியக்காரர் கோயமுத்தூருக்கு வந்து, பிரின்சிபால் அறையைத் தாண்டி, ஆய்வுக்கூடத்தில் என்னைத் தேடி வந்தார். பிரின்சிபால் தானே வருவதாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். காரியக்காரர் ரொம்ப மரியாதையாக மறுத்துவிட்டாராம். அம்மாள் சொல்லியனுப்பிய வார்த்தையை என்னிடம் அப்படியே சொன்னார்:

“பெரியவரு வேண்டாங்க. தெரியாதுன்னு சொன்னாரே, அந்த வாத்தியாரக் கூட்டியாங்க.”

போனேன். தண்ணீரைப் பார்த்தேன், முகர்ந்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைச் சொன்னேன். பெரியம்மணி தலையாட்டிவிட்டு, யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ரசாயனத் துறையில் ஒருவர் இருக்கிறார் என்றேன். அன்று சாயங்காலமே வண்டி அவரைக் கூட்டிவரப் புறப்பட்டது.